இரண்டரை டாலர் சவாரிக்காரர்களின் விமானம்: ஒரு பைப்பர் ஜே-3 பழுதுபார்ப்புக் குறிப்புகள்

1925 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கர்ட்டிஸ் ஜென்னி விமானத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலை செய்துகொண்டிருந்த பதினெட்டு வயது டக்ளஸ் காரிகன் இரண்டரை டாலர் கொடுத்து ஏறினார். அடுத்த வாரமே பறக்கப் பழகத் தொடங்கிவிட்டார். பிறகு சான் டியாகோவில் ரயன் நிறுவனத்தில் மெக்கானிக் ஆனார். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்துக்கு இறக்கையைக் கோத்ததிலும், எரிபொருள் டேங்குகளைப் பொருத்தியதிலும் அவர் கை உண்டு. அதன்பின் சிற்றூர் சிற்றூராகப் போய்ப் பயணிகளை ஏற்றிப் பிழைத்தார். 1933இல் 310 டாலருக்கு ஒரு பழைய கர்ட்டிஸ் ராபின் விமானத்தை வாங்கினார். இரண்டு பழைய எஞ்சின்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி அதில் மாட்டினார். 1938 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, 28 மணி 13 நிமிடம் கழித்து அயர்லாந்தில் டப்ளின் அருகே பால்டானலில் இறங்கினார். திசைகாட்டியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றார். கடைசிவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை.

அவரைக் கிறுக்கர் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. துணி போர்த்திய விமானத்தைத் திறந்து வேலை பார்த்தவர்களுக்கு அவர் வேறு மாதிரித் தெரிவார். அந்தத் தலைமுறைச் சவாரி விமானிகளிடம் இருந்த விநோதப் பழக்கங்கள் பல: இறக்கையை விரல் முட்டியால் தட்டுவது, எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து மோந்து பார்ப்பது, எஞ்சினைக் கிளப்புமுன் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி எண்ணுவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாகம் இருக்கிறது, அது பழுதாகும் விதம் ஒன்று இருக்கிறது. சவாரி மலிவாக இருந்ததற்குக் காரணம் பராமரிப்பைக் குறைத்தது அல்ல. பராமரிப்பைத் தம் கையாலேயே செய்துகொண்டது.

இங்கே எழுதியிருப்பது அப்படிச் சவாரிக்கு ஏற்ற சிறு விமானமான பைப்பர் ஜே-3 பற்றி. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் 1947 வரை கட்டியது, மொத்தம் ஏறத்தாழ 20,000. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு இருக்கை, 65 குதிரைத்திறன் கான்டினென்டல் ஏ-65 எஞ்சின், மின்சாரம் என்பதே இல்லை. வலப்பக்கக் கதவின் மேல்பாதியை மேலே மடக்கியும் கீழ்ப்பாதியைக் கீழே தொங்கவிட்டும் பறக்கலாம் என்பதால் ஊர் பார்க்க இதைவிட நல்ல இருக்கை கிடைப்பது கடினம். சிக்கனமும் சேர்ந்தது. சமநிலைப் பறப்பில் மணிக்கு 15 முதல் 17 லிட்டர் குடிக்கும். கால்மணி நேரச் சுற்றுக்கு நான்கு லிட்டர் சுமார். ஓடையோரப் புல்வெளியே ஓடுதளமாகப் போதும்.

எடைக் கணக்கை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். வெற்று எடை 765 பவுண்டு, உச்ச எடை 1,220 பவுண்டு. மிச்சம் 455 பவுண்டு, அதாவது 206 கிலோ. டேங்க் நிரம்பினால் எரிபொருள் 33 கிலோ, எண்ணெய் மூன்றரைக் கிலோ. இருவருக்கும் மிஞ்சுவது 170 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. துணி வேலையில் சாயத்தைத் தடிப்பாக ஏற்றிவிட்டால் அந்த எடை நேராகப் பயணியின் எடையிலிருந்துதான் கழியும். பத்துக் கிலோ சாயம் கூடிப்போன விமானங்கள் அரிதில்லை.

துணியை உரிக்குமுன்

விரல் முட்டியால் தட்டினால் நல்ல துணி பறை மாதிரி ஒலிக்கும். அந்த ஒலி சொல்வது விறைப்பை மட்டும், வலுவைச் சொல்லாது. வெயிலில் நைந்த பருத்தித் துணியும், அதை விறைப்பாக்கப் பூசும் டோப் பூச்சின் இழுப்பால் டங்கென்று ஒலிக்கும், பெருவிரலால் அழுத்தினால் கிழியும். எனவே தட்டிப் பார்ப்பது தொடக்கம், முடிவு அல்ல.

சரியான சோதனை துண்டு வெட்டி இழுப்பதுதான். மிக மோசமாக நைந்திருக்கக்கூடிய இடத்திலிருந்து எடுக்க வேண்டும்: இறக்கையின் மேல்பரப்பு, உடலின் முதுகுப் பக்கம், குறிப்பாக அடர் நிறம் அடித்த இடம். அடர் நிறம் அதிகம் சூடேறும், அதனால் அங்கே துணி முந்திக் கெடும். துண்டின் அகலம் இம்மி பிசகாமல் ஓர் அங்குலம். பூச்சைக் கரைப்பான் கொண்டு முழுக்க நீக்கிவிட்டு, ஒரு முனையை மேலே இறுக்கி, மறுமுனையில் வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். புதிய ஏ தரப் பருத்தித் துணி 80 பவுண்டு தாங்கும். இறக்கைச் சுமை (விமான எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தது) சதுர அடிக்கு 9 பவுண்டுக்குக் கீழே உள்ள மெதுவான விமானங்களுக்கு 46 பவுண்டு கடைசி எல்லை. ஜே-3இன் சுமை 6.8 பவுண்டு என்பதால் அதற்கும் 46தான், அதாவது 21 கிலோ. வாளியும் மணலும் 21 கிலோவைத் தொடுமுன் துண்டு அறுந்தால் விமானம் பறக்கத் தகுதியில்லை. எல்லைக்கு அருகில் வந்துவிட்டாலே உரித்துவிடுவது உத்தமம். இன்னும் ஒரு பருவம் ஓடட்டும் என்று ஒட்டுப்போட்டு வைத்தால் ஒட்டின் ஓரத்திலிருந்தே கிழிசல் தொடங்கும்.

உரிக்கும்போது ஒரே எச்சரிக்கை: பழைய பூச்சு நைட்ரேட் டோப்பாக இருந்தால் பொறி பட்டாலே குபீரென்று பற்றும். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நனைத்து அள்ள வேண்டும். உரித்த துணியை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தையல் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரம், வடிதுளைகளின் இடம், சோதனை வளையங்களின் இடம் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான விலாவுக்கு ஒரு நாடா வீதம் இடைவெளியைக் குறித்துக்கொண்டு, நாடாவில் விலா எண்ணையும் எழுதி வைத்தால் பிற்பாடு தடுமாற்றம் இல்லை.

எலும்புக்கூடு

துணி போனபின் தெரிவது எஃகுக் குழாய்ச் சட்டம். துரு எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை. வால் முனையில், கீழ் நீளக் குழாய்களின் அடிப்புறத்தில் இருக்கும். வால் தரையில் உட்காரும் விமானம், உள்ளே கசியும் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். மேலே சாயம் பளபளவென்று இருக்கும், திருப்புளியின் நுனியால் குத்தினால் உள்ளே இறங்கும். சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் கணீரென்ற ஒலி மந்தமாகும் இடம் கிடைக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வெல்டிங் செய்வது தவிர வழியில்லை. மேலே தகடு சுற்றி மறைப்பது துருவை மூடி வைப்பதே. முடித்தபின் சூடான ஆளி எண்ணெயைக் குழாய்க்குள் ஊற்றி, சட்டத்தைப் புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, வடித்துவிட்டுத் துளையை அடைக்க வேண்டும். இந்தப் பழைய வழக்கம் இன்றும் செல்லும்.

இறக்கையைத் தாங்கும் சாய்குழாய்கள் இந்தக் குடும்ப விமானங்களின் தீராத கவலை. பழைய குழாய்கள் அடைக்கப்படாதவை. தண்ணீர் உள்ளே புகுந்து கீழ் முனையில் நின்று உள்ளிருந்து அரிக்கும். இதற்காகவே அமெரிக்க விமானத் துறையின் கட்டாய ஆணை இருக்கிறது: அடைக்காத குழாயை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், கீழே உள்ள கவட்டைப் போல்ட்டின் மரையில் விரிசல் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். முற்றிலும் அடைத்துச் செய்த புதுக் குழாய்களை வாங்கிப் போட்டுவிட்டால் இந்தச் சோதனை மீண்டும் மீண்டும் வராது. செலவுதான். ஆனால் இந்த விமானத்தில் எங்கே கஞ்சத்தனம் கூடாது என்று கேட்டால் முதலில் காட்ட வேண்டிய இடம் இதுதான். இறக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குழாய்களே.

மரத்தாலான ஸ்பாரை, அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்திரத்தை, பார்க்க அவசரமே கூடாது. முதலில் தூசியைத் துடைத்து, வார்னிஷ் மங்கியிருந்தால் சுரண்டி எடுத்து, அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மரத்தின் மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒளியைப் பாய்ச்ச வேண்டும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, முடி விழுந்ததுபோல ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது அமுக்க விரிசல். விரலால் தடவினால் உணரவே முடியாது; நகத்தின் நுனி மட்டும் லேசாகத் தட்டுப்படும். என்றைக்கோ இறக்கை நுனி தரையில் உரசியபோதோ, கடுமையாக இறங்கியபோதோ மரத்தின் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று நெரிந்த அடையாளம் அது. பசை போட்டு ஒட்டினாலும் வலு திரும்பாது. அந்த ஸ்பார் இனி விமானத்தில் போகாது. சாய்குழாய் சேரும் இடத்திலும், வலுத்தகடு முடியும் ஓரத்திலும், விலாவை அடித்த ஆணித் துளைகளிலும் இருமுறை பார்க்க வேண்டும்.

துணி போடுமுன் இறக்கையை நேராக்குவது என்று ஒரு கட்டம் உண்டு. ஸ்பார்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள்தான் இறக்கையை முன்பின் வளையாமல் பிடிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் இரு மூலைவிட்டங்களையும் அளவுகோல் சட்டத்தால் அளந்து, இரண்டும் சமமாகும்வரை கம்பியின் நட்டைத் திருப்ப வேண்டும். உடலை ஒட்டிய கட்டத்திலிருந்து நுனி நோக்கி வர வேண்டும். ஒரு கட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முந்தையது கொஞ்சம் நகரும், ஆக மூன்று சுற்றாவது ஆகும். முடிவில் ஸ்பாரின் ஓரமாக நூல் பிடித்துப் பார்த்தால் எங்கும் வில்லாக வளைந்திருக்கக் கூடாது. இதில் பொறுமை காட்டாதவர்களின் விமானம் கையை விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். எத்தனை முறை சாய்குழாய் நீளத்தை மாற்றினாலும் அது தீராது.

மூடுவதற்குள் கட்டுப்பாட்டுக் கம்பிவடங்கள், உருளைகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். துணிக்குள் போனபின் ஓர் உருளையை மாற்ற ஒரு நாள் போகும், இப்போது பத்து நிமிடம்.

போர்த்துவது

இப்போது பருத்தியை யாரும் விரும்பிப் போடுவதில்லை. பாலியெஸ்டர்தான். செகோனைட், பாலி-ஃபைபர் போன்ற முறைகள் தனித்தனி ஒப்புதல் பெற்றவை. பசை, பூச்சு, துணி எல்லாம் ஒரே முறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்றின் பசையோடு இன்னொன்றின் பூச்சைக் கலந்தால் உரியும், உரியாவிட்டாலும் ஒப்புதல் செல்லாது. ஜே-3 இறக்கையின் பரப்பு 178.5 சதுர அடி. மேலும் கீழும் சேர்த்து 357 சதுர அடி, அதாவது 33 சதுர மீட்டர் துணி இறக்கைக்கு மட்டும். மடிப்புக்கும் வெட்டு வீணுக்கும் மேலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் துணி உரசக்கூடிய இடமெல்லாம், திருகாணித் தலை, தகட்டு ஓரம் எதுவும் விடாமல், உராய்வுத் தடுப்பு நாடா ஒட்ட வேண்டும். பிறகு விலாக்களை நாடாவால் ஒன்றோடொன்று பின்னிப் பிணைக்க வேண்டும். இல்லையென்றால் துணி சுருங்கும்போது விலாக்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கீழ்ப்பக்கத் துணி முதலில், மேல்பக்கம் அடுத்து. துணி சட்டத்தோடு ஒட்டும் இடத்தில் ஓர் அங்குலம், முன்விளிம்பில் துணியின்மேல் துணி ஏறும் இடத்தில் இரண்டு அங்குலம். பசையின் ஆவி மூக்கில் ஏறி மண்டையைப் பிளக்கும். கரைப்பானுக்கு உரிய வடிகட்டி கொண்ட முகமூடியும் கையுறையும் இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.

இனி இஸ்திரிப் பெட்டி. பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கித்தான் விறைப்பாகும். 250, 300, 350 பாரன்ஹீட் என்று மூன்று சுற்று. செல்சியஸில் 121, 149, 177. முழு இறக்கையையும் ஒரே சூட்டில் முடித்துவிட்டுத்தான் அடுத்த சூட்டுக்குப் போக வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பவே கூடாது. தட்டின் அடியில் வெப்பமானியை ஒட்டி, பெட்டி அணைந்து எரியும்போது சூடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, மூன்று இடத்தையும் சாயப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் 40 டிகிரி ஏறி இறங்கும். அவற்றைத் துணி மடிக்கவே வைத்துக்கொள்ளலாம். 350ஐத் தாண்டினால் துணி இழுப்பை இழந்து தொய்யத் தொடங்கும். அந்தத் தொய்வை மறுபடி சூடேற்றிச் சரிசெய்ய முடியாது. துணியை மாற்றத்தான் வேண்டும். இதனாலேயே சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை இந்த வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அதன் வாயிலிருந்து ஒரு விரல் கூடக் குறைய இருந்தால் சூடு என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விறைத்தபின் முதல் பூச்சைத் தூரிகையால் தேய்த்து ஏற்ற வேண்டும். பூச்சு நெசவுக்குள் இறங்கி நூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீர்த்ததை அதிகமாக ஏற்றினால் மறுபக்கம் வழிந்து உள்ளே கண்ணீர்த்துளிபோல் உறையும். அதன்பின்தான் தையல்.

இறக்கையின் மேல்பக்கம் காற்று துணியை மேலே உறிஞ்சும். பசை ஒட்டியிருப்பது ஓரங்களில் மட்டும். நடுவில் துணியை விலாவோடு பிடித்து வைப்பது இந்தத் தையலே. விலாவின் மேல் வலுநாடாவை ஓட்டி, மெழுகு பூசிய தட்டை நூலை நீள ஊசியில் கோத்து, மேலிருந்து கீழே விலாவை ஒட்டி இறக்கி, மறுபக்கம் வழியாக மேலே கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் இரட்டைச் சுற்று, பிறகு ஒவ்வொரு தையலிலும் வலைக்காரர்கள் போடும் முடிச்சின் ஒரு வகை. முடிச்சு விழும் கணத்தில் நூலை மேலே இழுக்காமல் விலாவின் பக்கமாக இழுத்தால் கிளிக்கென்று ஒரு சிறு வழுக்கல் கைக்குத் தெரியும். அந்த வழுக்கல் தெரியவில்லை என்றால் முடிச்சு பூட்டவில்லை, அவிழ்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஒரு தையல் அறும்போது அடுத்தடுத்து எல்லாம் தளரும். சரியாகப் பூட்டிய வரிசையில் ஒன்று அறுந்தாலும் பக்கத்தில் உள்ளவை நிற்கும். தையல் இடைவெளியை உரித்த துணியிலிருந்து எடுத்த நாடாவின்படியே வைக்க வேண்டும், கூட்டக் கூடாது. புரொப்பெல்லரின் காற்று அடிக்கும் பகுதியில் நெருக்கமாகப் போட வேண்டும். அந்தப் பகுதி என்பது புரொப்பெல்லரின் விட்டமும், அதைத் தாண்டி வெளியே ஒரு விலாவும்.

தையலுக்கு மேல் ரம்பப்பல் ஓர நாடா, பின்விளிம்பில் ஒவ்வொரு கட்டத்தின் தாழ்ந்த மூலையிலும் வடிதுளை வளையம். துளையைக் கத்தியால் வெட்டாதீர்கள். சூடான பற்றவைப்புக் கோலின் முனையால் உருக்கித் திறந்தால் ஓரம் பிசிறாது. ஒரே ஒரு வடிதுளை விட்டுப்போனால்கூட அந்தக் கட்டத்தில் தண்ணீர் தேங்கி, ஸ்பாரைப் புதிதாகப் போட்ட உழைப்பு வீணாகும்.

அடுத்து வெள்ளிப் பூச்சு. பாலியெஸ்டரின் எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அதைத் தடுப்பது இந்த அலுமினியத் தூள் கலந்த பூச்சுதான்; மேலே போடும் மஞ்சள் அழகுக்கு. இறக்கைக்குள் 60 வாட் விளக்கை வைத்து அறையை இருட்டாக்கிப் பாருங்கள். ஒளிப்புள்ளி தெரியும் இடத்தில் இன்னும் ஒரு சுற்று வேண்டும், எங்குமே தெரியாவிட்டால் போதும், அதற்குமேல் ஏற்றுவது எடைதான். மஞ்சளுக்கு நெகிழும் சாயமே சரி. காருக்கு அடிக்கும் கெட்டிச் சாயத்தை அடித்தால் ஒரு விரல் பட்ட இடத்தில்கூடப் படர்தாமரை மாதிரி வட்டவட்டமாக வெடிக்கும்.

டேங்க்

காரிகனின் கதையில் மெக்கானிக்குகள் திரும்பத் திரும்பப் பேசுவது இந்த இடத்தைத்தான். கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த வழியிலேயே அவருடைய டேங்க் கசியத் தொடங்கியிருந்தது. சரிசெய்ய நேரமாகும் என்று அப்படியே 320 கேலன் நிரப்பிக்கொண்டு கிளம்பினார். பத்து மணி நேரம் பறந்தபின் கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தால் தரையில் பெட்ரோல். திருப்புளியால் விமானத்தின் தரையில் ஓட்டை போட்டு வடியவிட்டார், அதுவும் சூடான புகைப்போக்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து. எந்தப் பக்கத்தில் குத்த வேண்டும் என்று அந்த நேரத்தில் யோசித்த தலை அது. ஆனாலும் கிளம்புமுன் அந்த டேங்கைக் கழற்றியிருக்க வேண்டும். அதில் மறுபேச்சில்லை.

ஜே-3இன் டேங்க் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். 12 கேலன், அதாவது 45 லிட்டர் டேங்க், முன்னிருக்கைப் பயணியின் முழங்காலுக்கு மேலே, கருவிப் பலகைக்கு முன்னால், எஞ்சின் தடுப்புச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் பயணியின் காலில்தான் சொட்டும். பழைய டேங்குகள் ஈயமும் வெள்ளீயமும் பூசிய இரும்புத் தகட்டை மடித்து ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. ஆண்டுக்கணக்கான அதிர்வில் மடிப்பு மூலைகள் தளரும், அடியில் தேங்கும் தண்ணீர் தகட்டை அரிக்கும்.

கழற்றியதும் வாய்களை அடைத்து, ஒன்றில் மட்டும் ஊதிய பலூனை மாட்ட வேண்டும். காற்றழுத்தக் குழாயை நேராக மாட்டினால் தகடு உப்பி மடிப்பு எல்லாம் பிளக்கும். பலூன் கொடுக்கும் அழுத்தம் போதும். சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால் கசிவுள்ள இடத்தில் நுரை குமிழும். பலூன் சுருங்குகிறது, குமிழி எங்குமில்லை என்றால் அடைத்த வாய்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பற்றவைப்பதில்தான் உயிராபத்து. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. அதில் இருப்பது ஆவி. சூடான சோப்பு நீரால் பலமுறை அலசி, ஒரு மணி நேரமாவது நீராவி செலுத்தி, வேலை முடியும்வரை கார்பன் டை ஆக்சைடோ ஆர்கானோ உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தீக்கொழுந்து வேண்டாம், வெளியே சூடாக்கிய செம்புக் கோலே போதும். ஓட்டையில் ஈயத்தைக் குவித்து அடைப்பது நிற்காது; தகட்டுத் துண்டு வைத்து ஓரம் முழுக்க ஓடவிட வேண்டும். பற்றவைக்கப் பயன்படுத்திய அமிலத்தைச் சுடுநீரால் கழுவி எடுக்காவிட்டால் அதுவே அடுத்த ஓட்டையைத் தொடங்கிவைக்கும். உள்ளே ஊற்றிக் குலுக்கும் அடைப்புப் பசையைப் பலர் எளிய வழி என்பார்கள். பழைய தகட்டில் அது சில ஆண்டில் செதில் செதிலாக உரிந்து வெளிவாய்ச் சல்லடையை மூடும். அப்போது எஞ்சின் நிற்பது தரையில் அல்ல. அரித்த தகடு பல இடத்தில் இருந்தால் புது டேங்க் போடுவதே நேர்மையான வேலை.

எரிபொருள் அளவு காட்டுவது மூடியின் துளை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. அடியில் தக்கை மிதவை. கம்பி இறங்க இறங்க எரிபொருள் குறைகிறது என்று பொருள், அவ்வளவே. பழைய தக்கைகளுக்கு அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அரக்கைக் கரைத்துவிடும், தக்கை ஊறிக் கனத்துத் தாழும், கரைந்த அரக்கு கார்புரேட்டரில் பிசினாக ஒட்டும். செயற்கை மிதவை மாற்றுவது சின்னச் செலவு. மூடியில் உள்ள காற்றுத்துளையைக் குத்தூசியால் திறந்து வையுங்கள். குளவி கூடு கட்டினால் போதும், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் இறங்காது.

திரும்ப மாட்டியபின் ஓட்டச் சோதனை. பம்ப் இல்லை, தானாக வழிவதுதான். எனவே விமானம் மூக்கைத் தூக்கி ஏறும் கோணத்தில் இருக்குமாறு முன்சக்கரங்களை உயர்த்தி, டேங்கில் கொஞ்சமே எரிபொருள் விட்டு, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். முழு விசையில் எஞ்சின் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். மணிக்கு 19 லிட்டர் என்று கணக்கு வைத்தால் 28.5 லிட்டர், ஒரு லிட்டர் நிரம்ப இரண்டு நிமிடம் ஆறு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆகிவிட்டால் சல்லடை, அடைப்பான், குழாய் என்று பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினும் கைச்சுழற்றும்

ஏ-65 எளிமையான எஞ்சின். எண்ணெய் நான்கு குவார்ட், லிட்டரில் 3.8. புரொப்பெல்லரைக் கையால் சுற்றி எண்ணுவது என்று முன்பு சொன்னது நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் உணரத்தான். நான்கில் ஒன்று மெத்தென்று போனால் வால்வு சரியாக உட்காரவில்லை. ஈயம் குறைந்த எரிபொருளுக்காகச் செய்த எஞ்சின் இது. இன்றைய 100எல்எல் விமானப் பெட்ரோலில் ஈயம் அதிகம் என்பதால் வால்வுத் தண்டில் படிவு ஏறிச் சிக்கும், கீழ் ஸ்பார்க் பிளக்குகளில் ஈய உருண்டை அடையும். பிளக்கைக் கழற்றிக் கொத்தி எடுத்து மேல்கீழ் மாற்றிப் போடுவது வழக்கமான வேலை.

ஸ்டார்ட்டர் இல்லாததால், எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக்கம்பிதான் உயிரைக் காப்பது. சாவியை அணைத்தால் மேக்னெட்டோ தரையோடு இணைந்து பொறியை நிறுத்த வேண்டும். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், சாவி அணைந்திருந்தும் புரொப்பெல்லரை அசைத்ததும் எஞ்சின் பற்றும். ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்துமுன் மெதுவோட்டத்தில் சாவியை ஒரு கணம் முழுக்க அணைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் சாக வேண்டும். சாகவில்லை என்றால் கம்பியைச் சரிசெய்யும்வரை யாரும் புரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது. சுற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, உள்ளே விவரம் தெரிந்த ஆள். விரல்களைப் பின்விளிம்பில் மடக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளி, அதே வேகத்தில் உடம்பைப் பின்வாங்க வேண்டும்.

கார்புரேட்டரில் பனி உறைவதைச் சவாரி விமானத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். கான்டினென்டலின் கார்புரேட்டர் எஞ்சின் சூடு படாத இடத்தில் தொங்குகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசையைக் குறைத்து இறங்கும் பிழைப்பில் ஒவ்வோர் இறக்கத்திலும் பனி பிடிக்க வாய்ப்பு. சூட்டுக்காற்றுக் கதவின் கீல் தேய்ந்து பாதிதான் திறந்தால், விமானி கைப்பிடியை இழுத்திருந்தும் சூடு வராது. தரையில் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் இழுத்துப் பாருங்கள். சுற்று தெளிவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் கதவைக் கழற்றுங்கள்.

சக்கரத் தாங்கியின் ரப்பர் வடங்களில் உறைக்குள் ஓடும் வண்ண நூல் எந்த ஆண்டு, எந்தக் காலாண்டில் செய்தது என்று சொல்லும். அடிக்கடி இறங்கும் விமானத்தில் அவை சீக்கிரம் தளரும். உறையில் நூல் பிசிறினாலே மாற்றிவிடலாம். முன்னிருக்கை வார்ப்பட்டையும் அப்படியே; சாயம் போன வாரை வைத்துக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது.

தாள் வேலையும் உண்டு. அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முறையில் துணி மாற்றினால் உரிய உரிமம் உள்ள ஆய்வாளர் படிவம் 337இல் கையெழுத்திட வேண்டும். காசுக்கு ஆள் ஏற்றுவதானால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை, 25 மைல் வட்டத்துக்குள் சுற்றிக் காட்டவும் துறையின் அனுமதிக் கடிதம். 1926இல் வான்வணிகச் சட்டம் வருமுன் இதெல்லாம் இல்லை. ஜென்னியின் ஓஎக்ஸ்-5 எஞ்சினில் வெளியே தெரியும் வால்வுக் கைகளுக்கு மசகு வைப்பதும், தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று தடவிப் பார்ப்பதும் முழுக்க விமானியின் மனசாட்சியில் இருந்தது.

எல்லாம் முடிந்து முதல்முறை பறந்து இறங்கியதும் சாயத்தைப் பார்க்காதீர்கள். முன்னிருக்கையின் தரைப்பலகையைத் தூக்கி, டேங்கின் அடிமடிப்பு, அடைப்பான், வடிகட்டிக் கிண்ணத்தின் விளிம்பு என்று வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். 100எல்எல் எரிபொருளுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். காய்ந்தாலும் கறை நிற்கும். துணியில் நீலம் ஒட்டினால் அன்றைக்கே டேங்க் மறுபடி இறங்க வேண்டும். வெள்ளையாகவே வந்தால் பலகையை மூடி, இரண்டாம் முறையும் பத்தாம் மணி நேரத்திலும் இதையே திரும்பச் செய்துவிட்டுத்தான் முதல் பயணியை அந்த இருக்கையில் உட்கார வைக்க வேண்டும்.